மருதடிமுறிப்பில் வெற்றிடம் இல்லை

காலையில் எழுந்ததும் கேத்திலில் தண்ணீர் வைப்பேன். அது கொதிப்பதற்குள் பல் துலக்கி முகம் கழுவி முடித்துவிடுவேன். பால் இல்லாத தேநீர் ஒரு கோப்பை. முதல் நாள் பாண் மிச்சம் இருந்தால் சம்பலோடு சாப்பிடுவேன். இல்லாவிட்டால் ஓமந்தைச் சந்தியில் ஒரு றோல்ஸ். கோப்பையைக் கழுவிக் கவிழ்த்து வைப்பேன். சேர்ட்டை அயன் பண்ணுவதை விட்டுவிட்டேன். குசினிக் கதவைப் பூட்டி, பூட்டியதை ஒருமுறை இழுத்துப் பார்ப்பேன். சந்தி வரை நடை. பிறகு பஸ். யன்னலோரம் இடம் கிடைத்தால் நித்திரை கொள்வேன். கிடைக்காவிட்டால் நிற்பேன். அலுவலகத்தில் கையொப்பம் வைத்து, கணினியைப் போட்டு, அது எழும்பும் வரை விசிறியின் கீழ் இருப்பேன்.

என் வேலை சுகாதாரத் திணைக்களத்தில். தகவல் பிரிவில் அபிவிருத்தி உத்தியோகத்தர். வவுனியா வளாகத்தில் கணினி படித்தேன். மாவட்டத்திலுள்ள குடும்பநல உத்தியோகத்தர்கள், ஊர்வாயில் மிட்வைப்மார், தங்கள் பிரிவிலுள்ள கர்ப்பிணிகள், பிரசவங்கள், பிள்ளைகளின் நிறை, தடுப்பூசி எல்லாவற்றையும் ஒரு டப்பில், கையடக்கக் கணினியில், பதிந்து அனுப்புவார்கள். யார் அனுப்பினார்கள், யார் அனுப்பவில்லை, அனுப்பியது சரியா என்று பார்ப்பது நான். திரையில் அனுப்பிய பிரிவு பச்சை. அனுப்பாதது சிவப்பு.

அன்றைக்கு வேறொரு வேலையும் இருந்தது. புதிதாக நியமனம் பெற்ற மிட்வைப்மார் சிலர் எங்கள் மாவட்டத்துக்கு வருவதாக இருந்தது. அவர்களை எங்கே போடுவது என்று பணிப்பாளர் தீர்மானிக்க, வெற்றிடங்களின் விபரம் எடுக்க வேண்டும். பயனர் பக்கத்தைத் திறந்தேன். கடைசியாக உள்நுழைந்தவரின் பெயர் அதில் முதலில் வரும்.

யதுர்ஷிகா கிருசாந்தன். மருதடிமுறிப்பு. கடைசி நுழைவு: நேற்று.

யதுர்ஷிகா என் மனைவி. மார்கழியில் இறந்தாள். இது ஆடி.

எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். திரும்பி வந்து மருதடிமுறிப்பின் பக்கத்தைத் திறந்தேன். தை முதல் எல்லா மாதமும் பச்சை. ஒரு மாதம்கூடப் பிந்தவில்லை. வெற்றிட விபரத்தில் அந்தப் பிரிவுக்கு எதிரே 'இல்லை' என்று இருந்தது. வெற்றிடம் இல்லை. அங்கே ஆள் இருக்கிறார்.

சம்பளப் பிரிவில் அவளுடைய பெயரை அந்த மாதமே வெட்டிவிட்டார்கள். ஆனால் அங்கே வெட்டுவதால் எங்கள் மென்பொருளில் எதுவும் மாறாது. ஒருவர் மாறிப் போனாலோ ஓய்வு பெற்றாலோ அவருடைய கணக்கை மூடும்படி அந்தப் பகுதிச் சுகாதாரப் பணிமனையிலிருந்து ஒரு கோரிக்கை வரும். வந்தால் நான் மூடுவேன். இதற்கு அப்படி ஒன்றும் வந்திருக்கவில்லை.

மருதடிமுறிப்பில் மறுநாள் கிளினிக். அங்கே பழுதான டப் ஒன்றைப் பார்க்க வேண்டும் என்று சொல்லி வாகனம் கேட்டேன். கிடைத்தது. சாரதி தவராசா அண்ணை.

"உந்த றோட்டுக்கு என்னைத்தான் தள்ளிவிடுவாங்கள்" என்றார் அவர். "போன கிழமை யானை நிண்டது. கோர்ண் அடிச்சன். அது என்னைப் பார்த்த பார்வையில நான் றிவேர்ஸ் எடுத்தனான் பார், பிரதான வீதிக்கு வந்துதான் நிப்பாட்டினது."

நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் றேடியோவைப் போட்டார். பிறகு அதையும் நிறுத்தினார். மார்கழிக்குப் பின் என்னோடு வாகனத்தில் வருகிறவர்கள் எல்லோரும் றேடியோவோடு இப்படித்தான் நடந்துகொள்கிறார்கள்.

கிளினிக் பொதுநோக்கு மண்டபத்தில் நடந்தது. வெளியே மரத்தில் தராசு தொங்கியது. ஒரு குழந்தை அதற்குள் இருந்து கத்தியது. விமலேஸ்வரி அக்கா தராசின் முள்ளைப் பார்த்தபடி தாயிடம் கதைத்துக்கொண்டிருந்தார்.

"என்னத்துக்கு நீர் பிஸ்கட் குடுக்கிறீர்? கடைக்காரனுக்குத்தான் நிறை கூடுது, பிள்ளைக்குக் கூடேல்லை."

அவர் பக்கத்துப் பிரிவு மிட்வைப். ஐம்பது தாண்டியவர். யதுர்ஷிகா இறந்த பிறகு இந்தப் பிரிவையும் சேர்த்துப் பார்க்கிறார். பதில் கடமை. அவருடைய ஸ்கூட்டி குளக்கட்டில் ஏறி இறங்கி இரண்டு பக்கமும் ஓட வேண்டும். மழைக்குக் குளம் நிரம்பி வான் பாய்ந்தால் அந்தப் பக்கம் அந்தப் பக்கம்தான்.

என்னைக் கண்டதும் எழுந்து வந்தார். சாப்பிட்டீரோ என்று கேட்டார். ஓம் என்றேன். டப்பைக் கேட்டேன். தந்தார். திறந்து பெயரைக் காட்டினேன்.

அவர் முந்தானையால் கழுத்தைத் துடைத்தார்.

"தம்பி, நான் என்ன செய்ய? என்ர பேருக்கு ஒரு பிரிவுதான் அது எடுக்குது. இரண்டையும் ஒண்டாப் போட்டால், பிள்ளையள் கூடிப்போச்சு, பிழை எண்டு திருப்பி அனுப்புது. அவளின்ர பாஸ்வேர்ட் எனக்குத் தெரியும். லீவில நிக்கேக்க தந்தவள். அதால போட்டன்."

"மூடச் சொல்லி ஏன் ஒருத்தரும் எழுதேல்லை?"

"எழுதினால் ஆரிட்டை வரும்?"

"என்னட்டை."

"அதுதான்." அவர் என்னைப் பார்க்கவில்லை. "கிளாக்கர் பிள்ளை கடிதம் எடுத்து வைச்சிருந்தவள். அனுப்பாமல் வைச்சிட்டாள். எங்கட பணிமனை டொக்டர் ஐயாவும் சொன்னார், இப்ப வேண்டாம், பிறகு பாப்பம் எண்டு. நானும்தான் சொன்னனான். உம்மட்டை அதை எப்பிடி அனுப்புறது? மனுசன் பெண்சாதியின்ர பேரைத் தானே வெட்டவோ?"

எல்லோரும் எனக்காகப் பேசாமல் இருந்திருக்கிறார்கள்.

"களவு எண்டு நினையாதையும்" என்றார். "செத்த சனம் வாக்குப் போடுற நாடு. ஒரு ரிப்போர்ட் போட்டால் என்ன குறைஞ்சுபோச்சு?" சொன்ன பிறகு நாக்கைக் கடித்தார். "விசரி நான். என்ன கதைக்கிறன் பார்."

"பரவாயில்லை அக்கா."

புதிய மிட்வைப்மார் வரப்போவதையும், வெற்றிட விபரம் இந்த மென்பொருளில் இருந்துதான் எடுக்கப்படும் என்பதையும் சொன்னேன். மருதடிமுறிப்பில் ஆள் இருப்பதாக அது காட்டுகிறது. ஆள் இருக்கும் இடத்துக்கு ஆள் போடமாட்டார்கள். அடுத்த நியமனம் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது.

அவர் டப்பைத் திருப்பி வாங்கினார்.

"அப்ப நான் ஒழுங்கா அனுப்பினதாலதான் ஆள் தரமாட்டினமோ?"

"ஓம்."

"நல்ல சிஸ்டம்" என்றார்.

பிறகு என் கையைப் பிடித்து மண்டபத்துக்குள் கூட்டிக்கொண்டு போனார். சுவரோரக் கதிரையில் ஒரு பெண் இருந்தாள். இருபத்தைந்து வயது இருக்கலாம். வயிறு பெரிதாக இருந்தது. செருப்பு காலுக்குள் போகாமல் பக்கத்தில் கிடந்தது. கால் வீங்கியிருந்தது.

"இவ சிவரூபி. குளத்துக்கு அங்கால கடைசி வீடு. முதல் பிள்ளை வயித்துக்குள்ளயே போயிட்டுது. பிறஷர். இந்த முறையும் ஏறுது. கிழமைக்கு ஒருக்காலாவது போய்ப் பார்க்க வேணும். என்னால மாசத்துக்கு ஒருக்கால்தான் ஏலுது. போன மாசம் அதுவும் போகேல்லை, அங்கால என்ர பிரிவில ஒரு பிரசவம். உம்மட மனிசி எண்டால் மழையெண்டும் பாராள். தண்ணிக்குள்ளால இறங்கிப் போவாள்."

அது எனக்குத் தெரியும். அவளுக்கு வந்த எலிக்காய்ச்சல் தண்ணீருக்குள்ளால்தான் வரும்.

சிவரூபி என்னைப் பார்த்து எழும்ப முயன்றாள். அவளுடைய ஆட்கள் மலையகத்தில் இருந்து வந்து இங்கே குடியேறியவர்கள். "இருங்கண்ணே" என்று தன் கதிரையைக் காட்டினாள். நான் நின்றேன்.

"மூடும் தம்பி" என்றார் விமலேஸ்வரி அக்கா. "எனக்கு வாறது வரட்டும்."

"உங்களிட்டை விளக்கம் கேப்பினம்."

"கேக்கட்டும். பென்சனுக்குக் கிட்ட வந்திட்டன். தூக்கிலயோ போடப்போயினம்?"

அடுத்த நாள் காலை யதுர்ஷிகாவின் கணக்கை மூடினேன். காரணம் என்ற இடத்தில் இறப்பு என்பதைத் தெரிவு செய்தேன். இறப்புச் சான்றிதழின் பிரதி ஒன்றை இணைக்கும்படி கேட்டது. அது என் கணினியிலேயே இருந்தது. காப்புறுதிக்கு அனுப்புவதற்காக ஸ்கான் செய்து வைத்திருந்தேன். இணைத்தேன். நிச்சயமா என்று கேட்டது. ஆம் என்பதை அழுத்தினேன். தை முதல் ஆனி வரை இருந்த பச்சைக் கட்டங்கள் ஒவ்வொன்றாகச் சிவப்பாகின. வெற்றிட விபரத்தில் 'இல்லை' என்பது 'உண்டு' என்று மாறியது. அதை அச்செடுத்துப் பணிப்பாளரின் மேசையில் வைத்தேன். மதியம் சோறு சாப்பிட்டேன். கத்தரிக்காய்க் குழம்பு.

பணிப்பாளர் டொக்டர் ஞானேஸ்வரி. கண்டிப்பானவர். அழுகிற ஆட்களைப் பிடிக்காது. யதுர்ஷிகாவின் பயிற்சிக் காலத்தில் அவளுக்குப் படிப்பித்தவர். செத்த வீட்டுக்கு வந்து, சாமான் இறக்குவதை மேற்பார்க்கும் ஆளைப் போல் நடுவில் நின்று, பந்தல்காரனுக்கும் வாகனக்காரனுக்கும் சொல்ல வேண்டியதைச் சொல்லி, எல்லாம் முடிந்த பிறகு போனவர்.

அந்த வாரக் கடைசியில் கூட்டம். அவருடைய அறையில் நாங்கள் மூவர்தான். விமலேஸ்வரி அக்காவை விளக்கத்துக்குக் கூப்பிட்டிருந்தார். என்னை மென்பொருளை விளங்கப்படுத்த.

"இன்னொரு ஆளின்ர கணக்கால பதியக்கூடாது எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

"தெரியும் மடம்."

"அதுவும் செத்த ஆள்."

"ஓம் மடம்."

"இந்த நம்பர் எல்லாம் எங்கயால?"

"ஒவ்வொரு பிள்ளையும் நான் தூக்கி நிறுத்தது மடம். பொய் எண்டால் போய் இன்னொருக்கால் நிறுத்துப் பாருங்கோ. ரெண்டு மூண்டு பேர் இப்ப தூக்கேலாத பாரம்."

பணிப்பாளரின் வாய் ஒரு பக்கம் அசைந்தது. சிரிப்பாக இருக்கலாம். விளக்கம் எழுத்தில் தரும்படி சொன்னார். பதிவுகளை விமலேஸ்வரியின் பெயருக்கு மாற்ற முடியுமா என்று என்னிடம் கேட்டார். கொழும்பில் அனுமதி எடுக்க வேண்டும், எடுத்தால் முடியும் என்றேன். எடுக்கச் சொன்னார். அந்த விடயம் அதோடு முடிந்தது.

பிறகு வெற்றிட விபரத்தை எடுத்தார். வரப்போகிறவர்களைவிட இடங்கள் அதிகம். நீண்ட காலம் ஆளில்லாமல் இருக்கும் இடங்களுக்கு முதலில் என்பது அவருடைய முறை. மற்ற இடங்கள் வருடக் கணக்கில் வெறுமை. மருதடிமுறிப்பு மார்கழியில் இருந்துதான். அது பட்டியலில் கீழே போய்விட்டது.

"இந்த முறை ஏலாது" என்றார்.

"மடம், அங்க ஒரு பிள்ளை இருக்கு. சிவரூபி எண்டு. முதல் பிள்ளை—"

"ஒவ்வொரு பிரிவிலயும் ஒரு சிவரூபி இருக்கிறா விமலேஸ்வரி. நான் ஆருக்கு முதல் குடுக்கிறது? அங்க நீங்களாவது இருக்கிறீங்கள். மற்ற இடங்களில அதுவும் இல்லை. இவ்வளவு நாளும் சமாளிச்சனீங்கள்தானே."

"சமாளிக்கேல்லை மடம். பதிஞ்சனான். அவ்வளவுதான்."

பணிப்பாளர் பேனையை மூடினார். அவர் பேனையை மூடினால் கதை முடிந்தது என்று அர்த்தம். நான் மடிக்கணினியை மூடத் தொடங்கினேன்.

அப்போது விமலேஸ்வரி அக்கா சொன்னார்:

"அவள் கடைசியாச் சொன்னதே அதுதான் மடம். மருதடிமுறிப்பை வெறுமையா விட்டிடாதேங்கோ எண்டு. ஆசுபத்திரியில, இவரின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு. வேணுமெண்டால் கேளுங்கோ."

விசிறி சுற்றியது. பணிப்பாளர் என்னைப் பார்த்தார்.

விமலேஸ்வரி அக்கா ஆசுபத்திரிக்கு வந்தது மறுநாள். அவள் இறந்த பிறகு. அவள் என்னிடம் கடைசியாக என்ன சொன்னாள் என்று அவர் கேட்டதில்லை. வேறு எவரும் கேட்டதில்லை. நானும் சொன்னதில்லை.

"ஓமோ, கிருசாந்தன்?"

இல்லை என்றால் விமலேஸ்வரி அக்கா பொய் சொன்னார் என்று ஆகும். ஏற்கெனவே அவரிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். சிவரூபியை மாதத்துக்கு ஒருமுறை பார்ப்பார்கள், முடிந்தால். ஓம் என்றால் பட்டியலில் மேலே இருக்கும் ஓர் இடம் கீழே வரும். அங்கே இருக்கும் பெண்ணின் பெயர் எனக்குத் தெரியாது. என் வேலை எண்கள் சரியா என்று பார்ப்பது. ஒரு பிள்ளையின் நிறையில் புள்ளி மாறியிருந்தாலும் திருப்பி அனுப்புவேன்.

"ஓம் மடம்" என்றேன்.

பணிப்பாளர் யன்னல் பக்கம் திரும்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். பேனையைத் திறந்து ஒரு பெயரை வெட்டினார். அதற்கு மேலே மருதடிமுறிப்பு என்று எழுதினார். அவர் எழுதும்போது எழுத்துச் சரிவாக இருந்தது. வெட்டிய இடத்தின் பெயரை நான் வாசித்தேன். அதை இங்கே எழுதவில்லை.

"போங்கோ ரெண்டு பேரும்" என்றார்.

வெளியே விமலேஸ்வரி அக்கா தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, அது நான் சும்மா எடுத்து விட்டனான்."

"தெரியும்."

"கோவிக்காதையும். வாயில வந்திட்டுது."

"கோவமில்லை அக்கா."

"அவள் அப்பிடிச் சொல்லக்கூடிய ஆள்தானே?"

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றேன். உண்மையாகவே நேரமாகியிருந்தது.

மருதடிமுறிப்புக்கு மேனுகா என்ற பிள்ளை வந்தாள். நெளுக்குளத்தில் வீடு. முதல் நியமனம். அவளுக்குக் கணக்குத் திறந்து, டப்பில் பதியக் காட்டிக் கொடுப்பதற்காக நான் மறுபடியும் அங்கே போனேன். அன்றும் கிளினிக். விமலேஸ்வரி அக்கா ஒவ்வொரு தாயாகக் கூப்பிட்டு அவளிடம் கையளித்துக்கொண்டிருந்தார். இவவுக்கு இரத்தம் குறைவு. இவ மருந்து போட்டன் எண்டு சொல்லுவா, நம்பாதையும். இவவின்ர மாமியார் கதைக்க வெளிக்கிட்டால் நிப்பாட்டமாட்டா, கதவடியிலயே நிண்டு கேட்டிட்டு வாரும்.

மேனுகா எல்லாவற்றையும் பதிந்தாள். விரல் வேகம். பயம் இருந்தது, ஆனால் ஸ்கூட்டியை யார் உதவியும் இல்லாமல் மண்டபத்துப் படியில் ஏற்றி நிறுத்தியிருந்தாள்.

சிவரூபியை வாரத்துக்கு இரண்டு முறை பார்க்கிறாளாம். இரத்த அமுக்கம் ஏறினால் ஆசுபத்திரியில் நிற்பாட்டுவதாக முடிவு. துணிப்பை ஒன்று அடுக்கி வைத்திருப்பதாகச் சிவரூபி சொன்னாள். குழந்தைச் சட்டை, பிளாஸ்க், சீப்பு. எல்லாவற்றையும் என்னிடம் சொன்னாள். பிறகு இன்னும் கொஞ்சம் கிட்ட வந்தாள்.

"அண்ணே, அக்கா கடைசி நேரத்துலயும் எங்களத்தான் நெனச்சாங்களாமே. ஊரே சொல்லுது. எங்க ஊர வெறுமையா விட்டுடாதீங்கன்னு சொன்னாங்களாம்." அவள் கண் நிறைந்திருந்தது. "புள்ள பொறந்தா கோயில்ல அவங்க பேருக்கு ஒரு பூசை வைக்கிறேன்னு நேர்ந்திருக்கேன்."

மேனுகா டப்பில் இருந்து நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். விமலேஸ்வரி அக்கா தராசுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"ஓம்" என்றேன். "அப்பிடித்தான் சொன்னவா."

சிவரூபி தலையாட்டினாள். செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு மெல்ல நடந்து போனாள். நான் மேனுகாவுக்கு மாத அறிக்கையை அனுப்பும் விதத்தைக் காட்டினேன். அனுப்பினாள். ஆடி பச்சையானது.

மார்கழி. ஆசுபத்திரியில் பின்னேரம். அவளுக்கு மூச்சு எடுக்கக் கஷ்டமாக இருந்தது. குழாய் போடப் போகிறோம், நீங்கள் வெளியே நில்லுங்கோ என்று தாதி சொன்னார். திரைச்சீலையைப் பாதி இழுத்தும் விட்டார். நான் கட்டிலை விட்டு விலகும்போது யது கையைத் தூக்கினாள். முகத்தில் இருந்த மாஸ்க்கை ஒரு பக்கம் இழுத்தாள். தாதி வேண்டாம் என்றார். அவள் கேட்கவில்லை. நான் குனிந்தேன். கண் மஞ்சளாக இருந்தது. வாய் காய்ந்திருந்தது. குழாய் போட்ட பிறகு அவள் பேசவில்லை. அதற்கு முன்னர் சொன்னது இவ்வளவுதான்:

"இஞ்சேருங்கோ, தண்ணி மோட்டரைப் போட்டிட்டு அப்பிடியே வந்திட்டீங்களோ? டாங்கி நிரம்பி வழியப்போகுது."